கொல்கிறதா, ஒதுக்குகிறதா? காற்று அயனிகளும் மிதக்கும் நுண்ணுயிர்களும்

காசநோய், தட்டம்மை, இன்ஃப்ளூயன்சா, கோவிட் எல்லாமே ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பதால் பரவக்கூடிய நோய்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். மூச்சை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே மனிதர்கள் புழங்கும் அறையிலேயே, அவர்கள் இருக்கும்போதே, காற்றில் மிதக்கும் கிருமிகளைக் குறைப்பதற்கு வழி தேட வேண்டியிருக்கிறது. ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவது, வடிகட்டுவது, புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவது ஆகிய மூன்றும் நன்கு அறியப்பட்டவை. நான்காவதாகச் சொல்லப்படுவது காற்றை அயனியாக்குவது. இதற்குச் சிறிய கருவி போதும். மின்செலவு சொற்பம், சத்தமும் இல்லை. மக்களைக் கவர வேறென்ன வேண்டும்?

ஆனால் இந்த வழியைப் பற்றிய ஆய்வுகளைப் படிப்பவர் குழம்பிப்போவார். ஓர் ஆய்வில் தொற்று பாதிக்கும் கீழே இறங்குகிறது. இன்னொன்றில் மாற்றமே இல்லை. ஒரு சோதனைச்சாலை, அயனி பாக்டீரியாவைக் கொல்கிறது என்கிறது. மற்றொன்று, கொன்றது அயனியல்ல என்கிறது. இந்த முரண்களில் பெரும்பாலானவை, மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் கலந்ததால் வந்தவை என்பது என் முடிவு. அயனி கிருமியைக் கொல்கிறதா? அயனி கிருமியைக் காற்றிலிருந்து அகற்றுகிறதா? அந்தக் காற்றைச் சுவாசிக்கும் உயிருக்கு நோய் குறைகிறதா? மூன்றையும் பிரித்து வைத்துப் பார்த்தால் அரை நூற்றாண்டுக்கு மேலான ஆய்வுகள் ஓரளவு ஒழுங்காக ஒரே கதையைச் சொல்கின்றன.

அயனி பிறப்பதும் மறைவதும்

நாம் சுவாசிக்கும் காற்றில் எப்போதும் அயனிகள் இருக்கின்றன. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவும், பாறைகளின் கதிர்வீச்சும், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகின்றன. அப்படி இழந்தது நேர்மின் அயனியாகிறது. பிடுங்கப்பட்ட எலக்ட்ரான் பெரும்பாலும் ஆக்சிஜனோடு ஒட்டி எதிர்மின் அயனியாகிறது. இரண்டையும் சுற்றி நீர் மூலக்கூறுகள் சில சேர்ந்துகொள்ளும். நிலப்பரப்பின் மேல் சுத்தமான காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு முதல் ஆயிரம் வரை இத்தகைய சிறு அயனிகள் இருக்கும். அருவிக்கு அருகில் இந்த எண்ணிக்கை பல ஆயிரங்களுக்கு உயரும். நீர்த்துளி சிதறும்போது மின்னூட்டம் பிரிவதை 1892இல் பிலிப் லெனார்ட் விளக்கினார்.

கருவியில் நடப்பது வேறு. கூரான உலோக முனைக்கோ கார்பன் இழைத் தூரிகைக்கோ சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், முனையைச் சுற்றியுள்ள காற்று மின்னிறக்கம் அடைந்து அயனிகளை வெள்ளமாகக் கொட்டும். முனைக்கு அருகே கன சென்டிமீட்டருக்கு லட்சக்கணக்கில் அயனிகள் இருக்கலாம். ஆனால் அவற்றின் ஆயுள் குறைவு. வினாடிக் கணக்கில் தொடங்கி ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். எதிர்க்குறி அயனியோடு சேர்ந்து அழியும், அல்லது சுவரிலும் தூசியிலும் ஒட்டிக்கொள்ளும். கருவியிலிருந்து சில அடி தள்ளிப் போனாலே எண்ணிக்கை சரியும். அறையில் தூசி அதிகமாக இருந்தால் இன்னும் வேகமாகச் சரியும். கருவியின் வாயருகே அளந்த அயனி எண்ணிக்கையை விளம்பரத்தில் போடுவது, அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதையும் சொல்வதில்லை.

மின்னிறக்கத்தின் இன்னொரு விளைவு ஓசோன். ஆக்சிஜன் மூலக்கூறு பிளந்து, பிளந்த அணு மற்றோர் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. வடிவமைப்பைப் பொறுத்து இதன் அளவு மிகக் குறைவாகவோ ஆபத்தான அளவிலோ இருக்கும். இந்த உடன்பிறப்பைக் கணக்கில் எடுக்காததுதான் பழைய ஆய்வுகள் பலவற்றின் பெரிய குறை.

கிருமியின் மேல் நான்கு வழிகள்

அயனியாக்கி ஓடும் அறையில் மிதக்கும் பாக்டீரியாவுக்கு நான்கு விதமாகத் தீங்கு நேரலாம்.

முதலாவது இடமாற்றம். காற்றில் பாக்டீரியா தனியாக மிதப்பது குறைவு. எச்சில் துளி உலர்ந்த எச்சத்திலோ, தோலிலிருந்து உதிர்ந்த செதிலிலோ, தூசியிலோ ஒட்டிக்கொண்டு மிதக்கிறது. இத்துகள்கள் பலவும் ஒன்று முதல் சில மைக்ரான் அளவே இருப்பதால் மணிக்கணக்கில் காற்றிலேயே இருக்கும். அயனிகள் இவற்றில் வந்து ஒட்ட ஒட்டத் துகளின் மின்னூட்டம் ஏறுகிறது. ஒரே குறி மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்கி, சுவர், தரை, மேசை நோக்கி நகர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சித் திரையில் தூசி படிந்ததுபோலத்தான் இதுவும். அயனியாக்கி மாட்டிய இடத்தைச் சுற்றிச் சுவர் கறுத்துப்போவதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது வேதித்தாக்குதல். எதிர்மின் அயனிகளில் முக்கியமானது சூப்பர் ஆக்சைடு. ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றால் கிடைப்பது இது. இதுவும் இதிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவையும் செல்லின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கக்கூடியவை. மூன்றாவது மின்புலம். வலுவான மின்புலத்தில் செல்சவ்வில் துளைகள் விழுந்து உள்ளே இருப்பது கசியலாம். நான்காவது ஓசோன், இது அயனியல்ல, ஆனால் அதே முனையிலிருந்து பிறப்பது.

இந்த நான்கில் முதலாவது கிருமியைக் கொல்வதில்லை. காற்றிலிருந்து பரப்புக்கு மாற்றுகிறது. மற்ற மூன்றும் கொல்லக்கூடியவை. எது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதைப் பிரித்தறியப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

சோதனைச்சாலை சொன்னது

காற்று அயனிகளின் உயிரியல் விளைவைப் பெரிய அளவில் பேசுபொருளாக்கியவர் சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் சிஷெவ்ஸ்கி. அறைக்கூரையிலிருந்து தொங்கும் அவருடைய அயனி விளக்குக்கொத்து ரஷ்யாவில் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. நுண்ணுயிர்களின் பக்கம் இந்தக் கேள்வியை முறையாகத் திருப்பியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் குருகர். 1957இல் அவரும் சக ஆய்வாளர்களும் சிறு நீர்த்துளிகளில் இருந்த ஸ்டேஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை அயனிகளுக்கு ஆட்படுத்தினார்கள். கொல்லும் விளைவோடு, சில நிலைமைகளில் காக்கும் விளைவையும் அவர்கள் பதிவு செய்தார்கள். தொடக்கத்திலேயே விடை சிக்கலாக இருந்தது என்பது கவனத்துக்குரியது.

1964இல் காற்றில் மிதக்கவிட்ட செராஷியா மார்செசென்ஸ் பாக்டீரியாவை வைத்து நடந்த ஆய்வு ஒரு முக்கியமான பிரிவினையைச் செய்தது. பாக்டீரியா காற்றிலிருந்து காணாமல் போவதையும், காற்றில் இருக்கும்போதே சாவதையும் தனித்தனியாக அளந்தது. இரு குறி அயனிகளும் துகள்களைக் காற்றிலிருந்து வேகமாக இறக்கின. சாவு வேகத்தைக் கூட்டியது எதிர்மின் அயனி மட்டுமே. 1979இல் கெல்லாக், குருகர் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சாவுக்கு சூப்பர் ஆக்சைடு காரணமாக இருக்கலாம் என்றது. சூப்பர் ஆக்சைடைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சேர்த்தபோது பாக்டீரியாவுக்குப் பாதுகாப்பு கிடைத்ததே அவர்களுடைய சான்று. 2002இல் நாய்ஸ், ஹியூஸ் இருவரும் தூய நைட்ரஜனில் அயனிகளை உருவாக்கி ஈ. கோலை பாக்டீரியாவின் மேல் செலுத்தினார்கள். ஓசோன் பிறக்க வழியில்லாத அந்தச் சூழலிலும் பாக்டீரியா செத்தது. ஆக, அயனிக்குக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பதை ஒரேயடியாக மறுக்க முடியாது.

ஆனால் உண்மையான காற்றில், உண்மையான அளவில் அந்த ஆற்றல் எவ்வளவு? இதற்கு மிகத் தெளிவான விடையைத் தந்தது இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு. அதன் வடிவமைப்பின் எளிமை பாராட்டத்தக்கது. ஏழு வகை பாக்டீரியாக்களை அகார் தட்டுகளில் வளர்த்து, மேலிருந்து அயனிகளைச் செலுத்தினார்கள். பிறகு இரண்டு தடைகளை மாறி மாறி வைத்தார்கள். மெல்லிய மைக்காத் தகட்டைத் தட்டின் மேல் வைத்தால் அயனியும் ஓசோனும் உள்ளே போகாது, மின்புலம் மட்டும் போகும். புவியிணைப்புக் கொடுத்த கம்பிவலையை வைத்தால் அயனியும் மின்புலமும் தடைபடும், ஓசோன் மட்டும் உள்ளே போகும். இப்படி மூன்று குற்றவாளிகளையும் தனித்தனியே விசாரிக்க முடிந்தது. முடிவு: ஏழில் ஆறு இனங்களில் சாவுக்கு முதன்மைக் காரணம் ஓசோன். சவ்வில் துளைவிழுவது இரண்டாம் இடம். மைக்கோபாக்டீரியம் பாராஃபார்ச்சூய்ட்டம் என்ற ஓர் இனத்தில் மட்டும் மின்புலமே முதன்மை. எதிர்மின் அயனியின் கொல்திறன் முன்பு மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று அக்குழு எழுதியது.

இதை முந்தைய ஆய்வுகளோடு சேர்த்துப் படித்தால் முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அயனி கிருமியைக் கொல்லக்கூடும். ஆனால் அதற்கு அடர்த்தியான அயனியும் குறைந்த தூரமும் வேண்டும். அந்தத் தூரத்தில் பெரும்பாலும் ஓசோனும் மின்புலமும் அயனியைவிட அதிகம் வேலை செய்கின்றன. மனிதர் வசிக்கும் அறையின் நடுவில் இந்த மூன்றில் எதுவும் கொல்லும் அளவுக்கு இருப்பதில்லை. ஓசோன் அந்த அளவுக்கு இருந்தால் மனிதர் அங்கே இருக்கக்கூடாது.

நுண்ணுயிர்களிடையே வேறுபாடும் உண்டு. நிறமற்ற, மெல்லிய சவ்வுள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகின்றன. பாசில்லஸ் வித்துகளின் தடித்த உறைகளும், பூஞ்சை வித்துகள் பலவற்றின் கரும்நிறமியும் அவற்றைக் காக்கின்றன. எனவே ‘கிருமிகளில் இத்தனை விழுக்காடு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் எந்த எண்ணும், எந்த உயிரியை வைத்துச் சோதித்தார்கள் என்று சொல்லாதவரை பொருளற்றது.

கோழிக்குஞ்சும் கினிப்பன்றியும்

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு அகார் தட்டு விடை தராது. மூச்சுவிடும் உயிர்கள் வேண்டும். இங்கேதான் அயனியாக்கத்துக்குச் சாதகமான வலுவான சான்றுகள் இருக்கின்றன.

1979இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள், கோழிகளிடையே நியூகாசில் நோய் வைரஸ் காற்றில் பரவுவதை அயனியாக்கம் தடுப்பதைக் காட்டினார்கள். 1999இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் சால்மொனெல்லா என்டரிடிடிஸ் பாக்டீரியாவைக் கொண்டு அதேபோன்ற சோதனையைக் கோழிக்குஞ்சுகளிடம் நடத்தினார்கள். எதிர்மின் அயனியாக்கம் காற்றிலுள்ள தூசியைக் குறைத்தது. அதோடு தொற்றும் குறைந்தது. கோழிக்கூடத்தில் கிருமி தூசியில் ஏறித்தான் பயணம் செய்கிறது. தூசியை இறக்கினால் கிருமியும் இறங்கும் என்பதே இதன் பொருள்.

மனிதர் நோய்க்கு மிக நெருங்கி வந்த ஆய்வு, பெரு நாட்டின் லிமா நகரில் நடந்து 2009இல் வெளியானது. அதன் வேர் 1950களில் பால்டிமோரில் வில்லியம் வெல்ஸும் ரிச்சர்ட் ரைலியும் செய்த சோதனையில் இருக்கிறது. காசநோய் வார்டின் காற்றை மேல்தளத்துக் கூண்டுகளில் இருந்த கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, காசநோய் காற்றில் பரவுவதை அவர்கள் நிறுவினார்கள். கினிப்பன்றிக்குக் காசநோய் எளிதில் தொற்றும். காற்றில் உயிருள்ள, தொற்றவல்ல காசநோய்க் கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதை எந்தக் கருவியையும்விட அதன் நுரையீரல் நம்பகமாகச் சொல்லும்.

லிமாவில் எச்.ஐ.வி. தொற்றோடு காசநோயும் உள்ளவர்கள் இருந்த வார்டின் வெளியேறு காற்றைத் தொடர்ந்து 535 நாட்கள் மூன்று கூண்டுகளுக்குச் செலுத்தினார்கள். முதல் கூண்டுக்கு வந்தது எந்த மாற்றமும் செய்யாத வார்டுக் காற்று. இரண்டாவது கூண்டுக்குள் எதிர்மின் அயனியாக்கிகள் இருந்தன. மூன்றாவதற்கு, வார்டின் மேற்பகுதியில் புற ஊதா விளக்கும் காற்றைக் கலக்கும் விசிறியும் ஓடிய நாட்களின் காற்று மட்டுமே வந்தது. தொற்று ஏற்பட்ட விலங்குகள் முதல் கூண்டில் 35 விழுக்காடு, அயனிக் கூண்டில் 14 விழுக்காடு, புற ஊதாக் கூண்டில் 9.5 விழுக்காடு. முழுமையான காசநோயாக முற்றியது முறையே 8.6, 4.3, 3.6 விழுக்காடு.

ஒவ்வொரு பிரிவிலும் முந்நூறுக்கு மேற்பட்ட விலங்குகளை வைத்து, உண்மையான நோயாளிகளின் மூச்சைக் கொண்டு கிடைத்த எண்கள் இவை. அயனியாக்கத்தை வெறும் விளம்பரப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக்கூடாது. புற ஊதா விளக்கு நோயாளிகள் இருந்த வார்டிலேயே ஓடியது. அயனியாக்கிகளோ விலங்குகளின் கூண்டுக்குள் இருந்தன. மூடிய சிறு கூண்டில், அயனி முனைக்கு அருகிலேயே காற்று கடந்துபோனது. அதே பலன் பெரிய வார்டில் கிடைக்குமா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை.

2015இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், அயனியாக்கியோடு நேர்மின்னூட்டத் தகடு ஒன்றையும் சேர்த்த கருவியைக் கொண்டு இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒரு கினிப்பன்றிக் கூண்டிலிருந்து அடுத்ததற்குப் பரவுவதைத் தடுத்துக் காட்டினார்கள். விலங்குகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனால் அந்தத் தகடு முக்கியம்: மின்னூட்டம் பெற்ற துகள் எங்கோ சுவரில் ஒட்டாமல் குறிப்பிட்ட ஓரிடத்தில் பிடிபட்டது.

மருத்துவமனையில் என்ன நடந்தது

லீட்ஸ் நகரின் செயின்ட் ஜேம்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு அயனியாக்கிகளை மாட்டி, முதல் சில மாதங்கள் அணைத்தும் பிறகு சில மாதங்கள் ஓட்டியும் ஒப்பிட்டார்கள். 2006இல் வெளியான முடிவு: அசினெட்டோபாக்டர் தொற்று குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டேஃபைலோகாக்கஸ் தொற்றில் அத்தகைய மாற்றம் இல்லை. ஒரே மருத்துவமனை, முன்-பின் ஒப்பீடு மட்டும், ஒரே காலத்தில் இணையாக ஓடிய கட்டுப்பாட்டுப் பிரிவு கிடையாது. ஆகவே குறைந்ததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

இதே ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதை அங்கேயே விட்டுவிடவில்லை. அசினெட்டோபாக்டர் மட்டும் ஏன் குறைந்தது என்று தேடினார்கள். 2010இல் வெளியிட்ட ஆய்வில், அயனியாக்கி ஓடும்போது அருகிலுள்ள ஞெகிழி மருத்துவப் பொருட்கள் பல எதிர்மின்னூட்டம் பெறுவதையும், அதனால் அவற்றில் பாக்டீரியா படிவது மாறக்கூடும் என்பதையும் காட்டினார்கள். சுவாசக் குழாயில் கிருமி படியாமல் வேறெங்கோ படிந்தால் நோயாளிக்கு நன்மை கிடைக்கலாம். கிருமி ஒன்றுகூடச் சாகாமலே இந்த நன்மை கிடைக்கும். அதேபோல், எந்தப் பரப்பில் படிகிறது என்பது மாறினால் தீமையும் வரலாம். பரப்பைத் துடைத்துச் சுத்தம் செய்யும் ஒழுங்கு இல்லாத இடத்தில் அயனியாக்கி, காற்றின் பிரச்சினையைக் கைகளின் பிரச்சினையாக மாற்றிவிடும்.

கோவிட் ஆண்டுகளும் பெட்டியின் கணக்கும்

2020இல் கோவிட் வந்தபோது அயனியாக்கிகளுக்கு உலகெங்கும் தேவை பெருகியது. அந்த ஏப்ரலில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, புனேயில் உருவான எதிர்மின் அயனிக் கருவி ஒன்றுக்கு ஆதரவளித்தது. அறையிலுள்ள வைரஸ் சுமையை ஒரு மணி நேரத்தில் 99.7 விழுக்காடு குறைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் பள்ளிகள் பல, அரசு நிவாரண நிதியைக் கொண்டு இரு குறி அயனியாக்கிகளைக் குளிர்சாதனக் குழாய்களில் பொருத்தின.

பிறகு சுதந்திரமான சோதனைகள் வந்தன. இல்லினாய் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட குழு, இரு குறி அயனியாக்கிக் கருவி ஒன்றைச் சோதனை அறையிலும் இயங்கும் கட்டடத்திலும் சோதித்து 2021இல் வெளியிட்டது. காற்றுத் துகள்களில் குறிப்பிடும்படியான குறைவு இல்லை. கரிம வாயுக்களில் சில குறைந்தன, சில கூடின. விமானத்தில் பயன்படுத்தலாமா என்று சோதித்த போயிங் நிறுவனமும் கிருமிநீக்கத்தில் பெரிய பலன் காணவில்லை. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, இத்தொழில்நுட்பத்துக்கு உறுதியான, சக ஆய்வாளர் மதிப்பிட்ட சான்று போதவில்லை என்றது.

விற்பனையாளரின் 99 விழுக்காட்டுக்கும் இந்த முடிவுகளுக்கும் இடையே ஏன் இத்தனை தூரம்? ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் கருவியை வைத்து, அரை மணி நேரத்தில் 99 விழுக்காடு கிருமி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு ஏறத்தாழ 9 கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்ததற்குச் சமம். அதே கருவியை 150 கன மீட்டர் வகுப்பறையில் மாட்டினால், மணிக்கு 9 கன மீட்டர் என்பது அந்த அறைக் காற்றில் 6 விழுக்காடு மட்டுமே. அந்த வேகத்தில் 99 விழுக்காடு குறைய மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு மாணவர் இருமலோடு வந்து, வீடு திரும்பி, மறுபடியும் வந்திருப்பார். ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தால் கிடைக்கும் காற்று இதைவிடப் பன்மடங்கு.

இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. கருவி ஓடாமலே மிதக்கும் துகள் தானாகப் படியும். பாக்டீரியா உலர்ந்து தானாகவே சாகும். கருவியை அணைத்துவைத்த பெட்டியில் எவ்வளவு குறைந்தது என்று கழிக்காமல் சொல்லும் எண், இயற்கை செய்த வேலையைக் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறது.

உடலுக்கு என்ன விலை

பயன் குறைவு என்றாலும் தீங்கில்லை என்றால் மாட்டிவைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். தீங்கு உண்டு, கருவியைப் பொறுத்து அளவு மாறுகிறது.

ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளறும். காற்றிலுள்ள கிருமியைக் கொல்ல வேண்டுமானால் பாதுகாப்பு வரம்பைவிட ஐந்து முதல் பத்து மடங்கு ஓசோன் தேவைப்படும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்களின் ஓசோன் வெளியீட்டுக்கு நூறு கோடியில் 50 பங்கு என்ற வரம்பை விதித்திருக்கிறது. குறைந்த ஓசோன்கூட, எலுமிச்சை, பைன் மணமுள்ள தரைத் துடைப்பான் திரவங்களின் ஆவியோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உருவாக்கும்.

ஓசோன் இல்லாத கருவி என்றாலும் கேள்வி முடிவதில்லை. சீனாவில் பள்ளிப் பிள்ளைகளிடமும் வீடுகளிலும் நடந்த ஆய்வுகளில், எதிர்மின் அயனிக் கருவிகள் நுண்துகளைக் குறைத்தன. பள்ளிப் பிள்ளைகளின் மூச்சுத்திறனும் ஓரளவு கூடியது. ஆனால் அவர்களுடைய இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் பாதிக்கப்பட்டது. வீடுகளில் நடந்த ஆய்வில் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளங்கள் கூடின. துகள் குறைந்ததால் கிடைத்த நன்மையை அயனிகளே ஓரளவு தின்றுவிட்டன என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. ஆஸ்துமா நோயாளிகளுக்கு அயனியாக்கி பயன் தருகிறதா என்று காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயன் தெரியவில்லை. எதிர்மின் அயனி உடலுக்கு நல்லது என்ற பொதுவான நம்பிக்கை இங்கே நிற்கவில்லை.

இப்போது நாம் எங்கே நிற்கிறோம்

மூன்று கேள்விகளுக்கும் விடையைச் சேர்த்துச் சொல்கிறேன். அயனி தனியாகக் கிருமியைக் கொல்லும் திறன், மனிதர் வாழும் அறையின் நிலைமையில் மிகச் சிறியது. கொலை நடந்தால் அது பெரும்பாலும் ஓசோனின் வேலை. கிருமி ஏறிய துகளை மின்னேற்றிக் காற்றிலிருந்து இறக்கும் திறன் உண்மையானது, பல ஆய்வுகளில் உறுதியானது. சிறிய, மூடிய, தூசி கூடிய இடத்தில் வலுவானது, பெரிய அறையில் நலிவானது. உயிருக்குத் தொற்றைக் குறைக்கும் திறன் விலங்குகளிடம் காட்டப்பட்டிருக்கிறது. மனிதரிடம் உறுதியாகக் காட்டப்படவில்லை.

இதிலிருந்து தொழில்நுட்பம் போக வேண்டிய திசை தெளிவாகிறது. அயனியைத் திறந்த அறைக்குள் தூவுவதைவிட, கருவியின் உள்ளேயே துகளை மின்னேற்றி அங்கேயே தகட்டிலோ வடிகட்டியிலோ பிடிப்பதே பயனுள்ளது. மின்னேறிய துகளை வடிகட்டி எளிதில் பிடிக்கும். ஓசோனையும் உள்ளேயே கட்டுப்படுத்தலாம். கிருமி மேசையில் படியாமல் ஓரிடத்தில் சேரும். கோழிப் பண்ணை போன்ற தூசி மண்டிய இடங்களில் அயனியாக்கத்தை மேலும் ஆராய்வதற்கும் நல்ல காரணம் இருக்கிறது.

கருவி வாங்குவோர், குறிப்பாகப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பொதுப்பணத்தில் வாங்குவோர், நான்கு விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டும். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றுக்குச் சமமான வேலையைச் செய்கிறது? எந்த உயிரியை வைத்து, எவ்வளவு பெரிய அறையில் சோதித்தார்கள்? கருவியை அணைத்துவைத்த ஒப்பீட்டைக் கழித்தார்களா? ஓசோனையும் பிற துணைப்பொருட்களையும் விற்பவரைச் சாராத யார் அளந்தார்கள்? 2023இல் ஆஷ்ரே வெளியிட்ட 241ஆம் தரநிலை, எந்தத் தொழில்நுட்பமானாலும் தொற்றுத் துகளுக்கு எதிரான பலனையும் பாதுகாப்பையும் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற வழிக்கு வந்திருக்கிறது. நம் கொள்முதல் விதிகளிலும் அந்த ஒழுங்கு வர வேண்டும்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நெரிசலான வெளிநோயாளர் பிரிவிலும், ஜன்னலை மூடிக் குளிர்சாதனம் ஓட்டும் காத்திருப்பு அறையிலும், ஒரே அறையில் அறுபது பிள்ளைகள் அமரும் வகுப்பிலும் காற்று நமக்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினை. இந்த நாட்டில் சுத்தக் காற்றுக்கென ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலில் எதிரெதிர் ஜன்னல்களுக்கும், வெளியேற்று விசிறிக்கும் போக வேண்டும். அது போதாத இடத்தில் நல்ல வடிகட்டிக்கும், மருத்துவமனைகளில் அறையின் மேற்பகுதியில் ஓடும் புற ஊதா விளக்குக்கும் போக வேண்டும். அயனியாக்கிக்கு இன்று அந்த வரிசையில் இடமில்லை. லிமாவின் 35க்கும் 14க்கும் இடைப்பட்ட அந்த வேறுபாடு உண்மையான வார்டிலும் கிடைக்கும் என்று யாராவது நாணயமாக, முழு அளவில் சோதித்துக் காட்டினால், அன்று இடம் கொடுக்கலாம். காசநோய் ஆய்வில் நீண்ட மரபுள்ள சென்னைக்கு அந்தச் சோதனையை நடத்தும் தகுதி நிறையவே இருக்கிறது, நடத்த வேண்டும்.